தக்காளியின் தூதுமொழி

சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் எம் இல்லத்தின் பின்புறத்தே தக்காளிச் செடிகள் சில உள. சென்ற விடுமுறையில் ஒருநாட் காலை, அவற்றுள் ஒன்றன் கீழிலையைப் பச்சைப் புழுவொன்று தின்றுகொண்டிருந்தது. எம் பாட்டியார் அதனைக் கண்டு, "வாயில்லாச் செடி, பாவம்! யாரிடம் போய்ச் சொல்லும், கண்ணு?" என்று இரங்கினார். அருகே ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள தொழிற்சாலைகளில் ஒரு மூலையில் தீப்பற்றினும் மணியொலி எங்கும் சென்று யாவரையும் விழிப்பிக்கும். செடிக்கும் அத்தகைய மணி உண்டோ? அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர்த் தேடியறிந்ததை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

உடலில் ஓரிடத்தே தோன்றிப் பிறிதோரிடத்தே வினை நிகழ்த்தும் தூதுப்பொருளை ஹார்மோன் என்பர். அமினோ அமிலங்கள் பல தொடர்ந்தமைந்த குறுஞ்சங்கிலி பெப்டைடு எனப்படும். 1921-இல் கனடா நாட்டில் பிரித்தெடுக்கப்பட்ட இன்சுலின், 51 அமினோ அமிலங்களையுடைய பெப்டைடு ஹார்மோனாகும். விலங்குகளிடத்து இத்தகையன பல காணப்பட்டன. செடிகளிடத்தோ, ஆக்சின், எத்திலின் முதலிய சிறு மூலக்கூறுகளே தூது செல்வன என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரீன், ரயன் என்னும் அறிஞர் இருவர் 1972-இல் ஒரு புதுமையை வெளியிட்டனர். தக்காளியின் ஓரிலையை வண்டு கடிப்பின், கடியுண்ணாத ஏனை இலைகளிலும் ஒருவகைப் புரதம் மிகுகின்றது. அப்புரதம் பூச்சியின் குடலிற் செரிமான நொதிகளைத் தடுப்பது. அதனால் உண்டும் பூச்சிக்கு ஊட்டம் குறையும். அவ்வாறாயின் செய்தியைச் செலுத்தியது யாது? 1991-இல் ரயன் குழுவினர் அதற்குக் காரணமான பெப்டைடைத் தக்காளி இலைகளினின்று பிரித்தெடுத்துச் சிஸ்டமின் எனப் பெயரிட்டனர். செடிகளிற் கண்டறியப்பட்ட முதற் பெப்டைடு ஹார்மோன் இதுவே.

தமிழ் பயிலும் எமக்கு இதன் அமைப்பு பெரிதும் இன்பந் தந்தது. அமினோ அமிலங்களை எழுத்தாகக் கொள்வோமாயின், செடி முதலில் 200 எழுத்துக்களாலான நெடுஞ்சொல்லொன்றை ஆக்குகின்றது. அதன் கடைப்பகுதியினின்று 18 எழுத்துக்களே வெட்டியெடுக்கப்பட்டுச் சிஸ்டமின் ஆகின்றன. நம் மெய்யெழுத்துக்களின் தொகையும் அதுவே. எழுத்தை வாளா அடுக்கினாற் சொல்லாகாது, கேட்போனும் வேண்டும். அங்ஙனம் சிஸ்டமினைக் கேட்கும் செவி போன்ற ஏற்பி உயிரணுவின் மேற்புறத்தே உளது. அஃது இன்னதென்று 2018-இல் தெளிவாகியது. ஏற்பி தூண்டப்பெற்றதும், உயிரணுவின் கொழுப்பமிலத்தினின்று ஜாஸ்மோனிக் அமிலம் உண்டாகின்றது. இதன் பெயர் மல்லிகையோடு தொடர்புடையது. இவ்வமிலமே காப்புப் புரதத்தை ஆக்கும் ஜீன்களை எழுப்புகின்றது.

சிஸ்டமினே தொலைவிலுள்ள இலைவரை செல்கின்றதென முதலில் எண்ணினர். பிற்காலத்தே, குறைபாடுடைய செடியையும் குறையற்ற செடியையும் ஒட்டுக்கட்டி ஆராய்ந்தபோது, நெடுந்தூரம் செல்வது ஜாஸ்மோனிக் அமிலமோ அதன் வழித்தோன்றிய பொருளோ ஆகும் என்றும், சிஸ்டமின் புண்ணின் அருகே நின்று அவ்வொலியைப் பெருக்குகின்றதென்றும் புலனாயிற்று. தாம் கொண்ட கருத்தையும் சோதனையால் திருத்திக்கொள்ளுதல் அறிவியலின் இயல்பன்றோ?

இத்தகைய தூதர் இன்னும் பலர் உளர். அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில், நிலம் வறண்டதை உணர்ந்த வேர் மற்றொரு பெப்டைடை இலைக்கு அனுப்பி இலைத்துளைகளை மூடச்செய்கின்றதென ஜப்பானிய அறிஞர் 2018-இல் காட்டினர்.

புல்லையும் மரத்தையும் தொல்காப்பியர் மரபியலில் ஓரறிவுயிராக, உற்றறியும் உயிராக வகுத்தார். இவ்வாராய்ச்சிகளை அவர் முன்னரே அறிந்திருந்தார் என்று பெருமை பேசுதல் முறையன்று. ஆயினும், செடியை உணர்வற்ற பொருளாக அவர் கொள்ளவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் தகும்.

இவற்றையெல்லாம் பாட்டியாருக்கு எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டு, "செடி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது, சரி. அப்படியானால் புழுவை எடுக்க வேண்டாமா?" என்று வினவினார். எடுக்கத்தான் வேண்டும். காப்புப் புரதம் புழுவின் வளர்ச்சியைத் தளர்த்துமேயன்றி, அதனை முற்றும் ஒழிக்குமென்பது உறுதியன்று. அதனை ஆக்குவதற்குச் செடியும் தன் வளர்ச்சிக்குரிய பொருளைச் செலவிடுகின்றது. ஆதலின் யாம் புழுவை எடுத்தெறிந்தோம். ஆயின் அன்றுமுதல் அச்செடியை வாயில்லாதது என்று யாம் கூறுவதில்லை.