பந்து யார் கையில்? கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குப் பாயின்ட் கார்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

செலக்ஷன் முடிந்து பன்னிரண்டு பேர் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. சென்டர் யார் என்பதில் பெரும்பாலும் குழப்பம் இருக்காது, உயரமே சொல்லிவிடும். பாயின்ட் கார்டு விஷயத்தில்தான் கோச் தலையைச் சொறிவார். பந்தை நன்றாகத் தட்டிக்கொண்டு போகிறவர்கள் எந்தக் கல்லூரியிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பொறுக்க எல்லோரும் செய்வது, பந்து வைத்திருப்பவரையே உற்றுப் பார்ப்பது. என் யோசனை வேறு: மற்ற நான்கு பேரைப் பாருங்கள். ஷூட்டர் ஓடிவந்து நிற்கும்போது பந்து நெஞ்சுக்கு வருகிறதா, முட்டிக்கு வருகிறதா? சென்டர் கை நீட்டிக் கேட்டபோதே கிடைத்ததா, கேட்டு அலுத்துக் கையை இறக்கிய பிறகு கிடைத்ததா? விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் மற்ற நால்வர்

பாயின்ட் கார்டைத் தேடுவதற்கு முன் மீதி நான்கு இடங்களை ஏறக்குறைய முடிவு செய்துவிடுங்கள். நல்ல உயரமான சென்டர் இருந்தால் உள்ளே பந்து கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். ஷூட்டர்கள் அதிகம் என்றால் உள்ளே புகுந்து ஆட்களை இழுத்து வெளியே பாஸ் தருபவர். ஓடி ஆடுகிற அணி என்றால் ரீபவுண்ட் கைக்கு வந்த நொடியில் தலையைத் தூக்கிப் பார்ப்பவர். எல்லா அணிக்கும் பொருந்துகிற ஒரே பாயின்ட் கார்டு என்று யாரும் இல்லை.

இந்தக் கட்டத்திலேயே இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள்: போட்டி நடக்கும் வாரத்தில் பாயின்ட் கார்டாக நீங்கள் நினைத்திருப்பவருக்கு பிராக்டிகல் இருக்கிறதா, அரியர் எழுத வேண்டியிருக்கிறதா? அற்பமாகத் தெரியும். ஆனால் மண்டலப் போட்டிக்குப் பஸ் ஏறும் நாளில் பாயின்ட் கார்டு லேபில் இருப்பது நம் ஊரில் அபூர்வம் இல்லை.

நோட்டுப் புத்தகம்

பயிற்சி ஆட்டங்களில் ஒரு ஜூனியரை நோட்டோடு பெஞ்சில் உட்கார வையுங்கள். அசிஸ்ட், டர்ன் ஓவர் இரண்டையும் குறிப்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே இரண்டு திருத்தங்கள் செய்யுங்கள். பாஸ் சரியாகப் போய், வாங்கியவர் லே-அப்பைக் கோட்டைவிட்டால் அசிஸ்ட் கணக்கில் வராது; அதைத் தனிக் கோடாகப் போடுங்கள். கொடுத்தவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். டர்ன் ஓவரையும் இரண்டாகப் பிரியுங்கள். பந்து கோட்டுக்கு வெளியே போனால் நம்மவர்கள் திரும்பி வந்து தடுப்பாட்டத்துக்கு நிற்க நேரம் கிடைக்கும். எதிராளி கையில் நேராகக் கொடுத்துவிட்டால் அடுத்த மூன்று நொடியில் நம் வளையத்தில் பந்து விழும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பெரிய எண்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 2017-18 சீசனில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டிரே யங் ஆட்டத்துக்குச் சராசரி 27.4 புள்ளி, 8.7 அசிஸ்ட் எடுத்து அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் இரண்டிலும் முதலிடம் பிடித்தார். அபாரமான ஆட்டக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய டர்ன் ஓவர் சராசரியும் ஐந்துக்கு மேல். தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே அணி வெளியேறியது. எல்லாம் ஒருவர் கைவழியே நடக்கும்போது தடுக்கிறவர்களுக்கும் எங்கே கூடுவது என்று தெரிந்துவிடுகிறது.

பிரஸ்ஸில் போட்டுப் பாருங்கள்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் பந்தைக் கொண்டுவரட்டும், ஏழு பேர் முழுக் கோர்ட்டிலும் பிரஸ் போடட்டும். நடுக்கோட்டைத் தாண்ட எட்டு வினாடி. ஷாட் கிளாக் இல்லாத சிமென்ட் கோர்ட்டா, பரவாயில்லை. ஒருவர் ஸ்டாப்வாட்சோடு நின்று சத்தமாக எண்ணட்டும். பயிற்சியின் ஆரம்பத்தில் வேண்டாம். எல்லோரும் களைத்துப்போன கடைசி இருபது நிமிடத்தில் வையுங்கள்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, இரண்டு பேர் நெருங்கி வரும்போது பந்தைக் கொண்டுவருபவர் டிரிபிளை நிறுத்திப் பந்தைக் கையில் பிடித்துவிடுகிறாரா? பிடித்தவுடன் கதை முடிந்தது. பழகியவர் தட்டிக்கொண்டே இரண்டடி பின்வாங்குவார், ஆட்கள் விரியும் இடைவெளியில் பாஸ் போடுவார். இரண்டாவது, எந்தப் பக்கமாக ஓடுகிறார்? பதற்றப்படுகிறவர் சைடு லைனை ஒட்டி ஓடி, நடுக்கோட்டைத் தாண்டிய அந்த மூலையில் போய் நிற்பார். பின்னால் போனால் பேக் கோர்ட், பக்கத்தில் போனால் அவுட். இரண்டு கோடுகளும் எதிரணிக்குச் சம்பளமில்லாமல் ஆடுகிற இரண்டு ஆட்கள். மூன்றாவது, இடது கை. வலது பக்கத்தை அடைத்து நிற்கும்படி தடுப்பவரிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

இப்படி மூலையில் மாட்டிக்கொண்ட மிகப் பிரபலமான விபத்து 1993 அமெரிக்கக் கல்லூரி இறுதி ஆட்டத்தில். மிச்சிகன் அணி 71-73 என்று பின்தங்கியிருக்கிறது, சில வினாடிகளே மிச்சம். ரீபவுண்ட் எடுத்த ஃபார்வர்டு கிறிஸ் வெப்பர் பந்தைத் தானே கொண்டுபோய் மூலையில் இரண்டு பேரிடம் மாட்டிக்கொண்டார். டைம் அவுட் கேட்டார். அணியிடம் டைம் அவுட்டே மிச்சமில்லை. டெக்னிக்கல் ஃபவுல். நார்த் கரோலினா 77-71 என்று ஜெயித்தது. நாம் ஆடுகிற ஃபிபா விதியில் ஆட்டக்காரர் டைம் அவுட் கேட்கவே முடியாது, கோச்சோ முதல் துணைக் கோச்சோதான் கேட்க வேண்டும். அதுவும் பந்து உயிரோடு நம் ஆள் கையில் இருக்கும்போது கிடைக்காது. ஆக, மூலையில் மாட்டிய பாயின்ட் கார்டை பெஞ்சிலிருந்து காப்பாற்ற வழியே இல்லை. இந்தச் சோதனைக்கு இவ்வளவு இடம் கொடுப்பது அதனால்தான்.

ஆளை மட்டும் மாற்றுங்கள்

அடுத்து, ஐந்து ஐந்து நிமிடப் பயிற்சி ஆட்டங்கள். நால்வர் அப்படியே இருக்கட்டும், எதிரணியும் அப்படியே. பாயின்ட் கார்டு மட்டும் மாறட்டும். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஸ்கோரைத் தனித்தனியாக எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பாயின்ட் கார்டையும் பெஞ்ச் ஆட்களோடு சேர்த்து முதல் அணிக்கு எதிராக இறக்குங்கள். சுமாரான நால்வரோடு இறங்கியும் ஸ்கோரை நெருக்கமாக வைத்திருப்பவர் யாரோ, அவர் பெயருக்கு அடியில் கோடு போடுங்கள். ஒரே நாள் கணக்கை நம்பாதீர்கள். இரண்டு வாரமாவது ஓடட்டும்.

குரல்

நம் கல்லூரிகளில் இது தனிப் பிரச்சினை. முதலாண்டு மாணவர் பாயின்ட் கார்டு, இறுதியாண்டு மாணவர் கேப்டன். தப்பான இடத்தில் நிற்கும் சீனியரைப் பார்த்து, "அண்ணா, அந்த கார்னருக்குப் போங்க!" என்று கோர்ட் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும். மரியாதை 'அண்ணா'விலேயே இருக்கிறது, குரலில் தயக்கம் வேண்டாம். பல ஜூனியர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பந்தை வைத்துக்கொண்டு சீனியர் தானாக நகரட்டும் என்று காத்திருப்பார்கள், பத்து வினாடி போய்விடும். பெண்கள் அணியில் 'அக்கா' என்று மாறும், தயக்கம் அதேதான். பாதிப் பொறுப்பு சீனியருடையது. "கோர்ட்டுக்குள் அவன் சொன்னால் கேட்கணும்" என்று கோச் முதல் வாரமே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும்.

சீனியரிடமிருந்தே அந்த இடத்தை எடுக்க நேர்ந்தால்? 2014-15இல் டியூக் பல்கலைக்கழகத்தில் அதுதான் நடந்தது. நான்காம் ஆண்டு குவின் குக் இருக்கும்போதே, புதிதாகச் சேர்ந்த டையஸ் ஜோன்ஸ் கையில் பந்து போனது. குக்கை பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. பந்தில்லாமல் ஓடி ஷூட் செய்கிற கார்டாக அவரும் முதல் ஐந்திலேயே ஆடினார். இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினை 68-63 என்று வென்றபோது 23 புள்ளி எடுத்தவர் ஜோன்ஸ். குக்குக்கு ஷூட்டிங் இருந்ததால்தான் அது சாத்தியம். உங்கள் சீனியருக்கு ஷூட்டிங் இல்லையென்றால் இந்த வழி அடைபட்டது.

உயரம், ஃபவுல், ஃப்ரீ த்ரோ

உயரத்தைப் பார்த்துக் கழித்துவிடாதீர்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் டைலர் யூலிஸ் 175 செ.மீ. உயரம்தான், 2016இல் தன் மண்டலத்தின் சிறந்த ஆட்டக்காரர், சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று இரண்டு விருதையும் அவரே வாங்கினார். அதைவிட ஃபவுலைப் பாருங்கள். கையை நீட்டித் தட்டிப் பறிக்கப் பார்க்கிறவர் மூன்றாவது குவார்ட்டரிலேயே நான்கு ஃபவுலோடு பெஞ்சுக்கு வந்துவிடுவார்.

கடைசி நிமிடத்தில் நாம் முன்னிலையில் இருந்தால் எதிரணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். பந்து இருப்பது பாயின்ட் கார்டு கையில். அதனால் நாலைந்து முறை கோர்ட்டின் நீளத்துக்கு ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதே இரண்டு ஃப்ரீ த்ரோ போடச் சொல்லுங்கள். நிதானமாக நின்று பத்துக்கு ஒன்பது போடுவது வேறு கணக்கு.

முடிவைச் சொல்லும் முறை

முடிவை அணிக்கு அறிவிப்பதற்கு முன், தேர்வானவர், அவருக்கு அடுத்து வந்தவர் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டாமவரிடம், எந்தக் கட்டத்தில் இறங்குவார், என்ன வேலைக்கு இறங்குவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாற்பது நிமிடமும் ஒருவரே பிரஸ்ஸை உடைத்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு தோல்விக்காக ஆளை மாற்றவும் வேண்டாம். நான்கைந்து ஆட்டம் கொடுங்கள்.

பிரஸ் சோதனையில் யாருமே தேறவில்லை என்றால் இரண்டு கார்டுகளைச் சேர்த்தே இறக்கிவிடுங்கள். 2016இல் வில்லனோவா பல்கலைக்கழகம் ஆடியது ஏறக்குறைய அப்படித்தான், அவர்களுக்குக் காரணம் பஞ்சமல்ல, வசதி. நான்காம் ஆண்டு ரயன் ஆர்ச்சிடியாக்கனோ, முதலாண்டு ஜேலன் பிரன்சன் இருவருமே பந்து கொண்டுவரத் தெரிந்தவர்கள். நார்த் கரோலினாவுடன் இறுதி ஆட்டம் 74-74, 4.7 வினாடி மிச்சம். பந்தோடு ஓடிவந்த ஆர்ச்சிடியாக்கனோ தானே ஷூட் செய்யப் போகவில்லை. பின்னால் ஓடிவந்துகொண்டிருந்த கிறிஸ் ஜென்கின்ஸுக்குக் கொடுத்தார். ஜென்கின்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டார், 77-74. அந்தச் சூழலையும் பயிற்சியில் வையுங்கள்: சமநிலை, ஐந்து வினாடி, எதிர் முனையிலிருந்து பந்து. யார் தேர்வானாலும் வாரத்துக்கு இரண்டு முறையாவது இதை ஆடட்டும்.