காலிப் பணியிடம் யார் கையில்?

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்டு முடித்துவிட்டு, இரவில் குரூப்-4 புத்தகத்தைப் பிரிக்கும் இளைஞர்கள் ஏராளம். அவர்கள் காதில் ஓயாமல் விழும் பேச்சு ஒன்று உண்டு: “தாலுகா ஆபீஸ்ல இடம் காலியா இருக்கு. ஆளைப் பிடிச்சா போட்டுருவாங்க.” இதை நம்பி நகையை அடகு வைப்பவர்கள் இன்னும் இருப்பதுதான் வேதனை.

காலிப் பணியிடம் யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருள் அல்ல. நேரடி நியமனமா, பதவி உயர்வா, வேறொரு பணியிலிருந்து பணிமாற்றம் மூலம் நியமனமா என்பதை அந்தப் பணிக்கான விதிகள் முன்பே வரையறுத்துவிடுகின்றன.

2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தையே பார்க்கலாம். இங்கே வருவாய்க் கோட்டங்கள் இரண்டு. ஓசூரில் சார் ஆட்சியர், கிருஷ்ணகிரியில் வருவாய்க் கோட்டாட்சியர். வேலை ஏறக்குறைய ஒன்றுதான், வந்த வழிதான் வேறு. முன்னவர் பெரும்பாலும் யுபிஎஸ்சி தேர்வில் வென்று வந்த இளம் ஐஏஎஸ் அதிகாரி. பின்னவர் குரூப்-1 எழுதி நேராகத் துணை ஆட்சியர் ஆனவராக இருக்கலாம். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துறைத் தேர்வுகளை முடித்து, துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் எனப் படிப்படியாக வந்தவராகவும் இருக்கலாம். ஐஏஎஸ் பணியிலேயே மூன்றில் ஒரு பங்கு, மாநிலப் பணியிலிருந்து உயர்வு பெறுவோருக்கு உரியது. கலெக்டர் ஆக யுபிஎஸ்சி மட்டுமே வழி என்பதும் சரியல்ல.

“வருஷம் ஆனால் பதவி உயர்வு தானா வரும்” என்பது இன்னொரு நம்பிக்கை. ஆனால் அதற்கான பட்டியல் ஆண்டுதோறும் தயாராகிறது. ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-இன் கீழ் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் சீனியாரிட்டி இருந்தும் பெயர் நின்றுபோகலாம். தன் பெயரைப் பரிசீலிக்கக் கோரும் உரிமை ஊழியருக்கு உண்டு. பதவியையே கோரும் உரிமை இல்லை.

பணத்தை நம்புவோர் 2019 செப்டம்பரில் நடந்த குரூப்-4 தேர்வை மறக்கக் கூடாது. இராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையின் உச்சியில் குவிந்தபோது சந்தேகம் எழுந்தது. சிறிது நேரத்தில் அழிந்துவிடும் மையால் அவர்கள் விடைகளைக் குறித்ததும், பின்னர் இடைத்தரகர்கள் அவற்றைத் திருத்தியதும் விசாரணையில் வெளிப்பட்டன. 99 பேருக்கு வாழ்நாள் தடை. பணத்தோடு தேர்வெழுதும் உரிமையும் போனது.

“அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் பிறந்தவங்க இங்கே விண்ணப்பிக்க முடியாது” என்பது எல்லைப் பகுதிக்கே உரிய நம்பிக்கை. அரசியலமைப்பின் 16(2) பிரிவு பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் கர்நாடகத்தின் ஆனேக்கல்லிலிருந்து வரும் பட்டியல் சாதி இளைஞருக்கு அந்த ஊர்ச் சாதிச் சான்றிதழ் இங்கே இடஒதுக்கீடு தராது. அவர் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். 2018-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு. 2021 டிசம்பர் அரசாணைப்படி தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால், கணக்கிலும் பொது அறிவிலும் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. மக்களோடு பேச வேண்டிய ஊழியருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பது நியாயமே. அதைக் கட்டாயமாக்கிய அரசு, எல்லைப் பள்ளிகளில் தொடக்க வகுப்பிலிருந்தே நல்ல தமிழாசிரியர்களை வைப்பதும் அதே அளவு நியாயம்.

தற்காலிகமாக நுழைந்தால் நிரந்தரமாகிவிடலாம் என்று நினைப்போருக்கான தீர்ப்பு கர்நாடகத்து வழக்கிலேயே வந்தது. அம்மாநில வணிகவரித் துறையின் தினக்கூலி ஊழியர்கள் தொடர்பான உமாதேவி வழக்கில், முறையான போட்டித் தேர்வு இல்லாமல் வந்தவர்கள் நிரந்தரப் பணியை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு கூறியது. நீண்ட காலம் உழைத்தவர்களை அந்தத் தீர்ப்பைக் காட்டியே விரட்டக் கூடாது என்று 2024-இல் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடைசியாக, பணியிட மாறுதல். தஞ்சாவூரில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த ஓசூர்க்காரர் சொந்த விருப்பத்தில் கிருஷ்ணகிரிக்கு மாறினால், புதிய மாவட்டத்தின் சீனியாரிட்டிப் பட்டியலில் கடைசி ஆள் ஆகிவிடுவார். அவருக்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள் முன்னால் போவார்கள். தஞ்சாவூரில் அவர் விட்டுச் சென்ற இடமோ காலியிடப் பட்டியலில் சேரும்.