டெக்ஸ்டைல் படிச்சவர் கட்டின ஸ்டுடியோ

சேலத்திலிருந்து ஏற்காடு போறப்போ ரோட்டோரமா ஒரு பழைய வளைவு நிற்கும், கவனிச்சிருக்கீங்களா? 'மாடர்ன் தியேட்டர்ஸ்'. ரொம்ப நாளா அது ஏதோ மூடிப்போன சினிமா கொட்டகைனுதான் நினைச்சேன். உண்மையில் அது நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த ஸ்டுடியோவின் நுழைவாயில்.

அதைக் கட்டியவர் டி.ஆர்.சுந்தரம். நம்ம திருச்செங்கோட்டுக்காரர். 1907-ல் பிறந்தவர், இங்கிலாந்தில் லீட்ஸ் போய் படிச்சது டெக்ஸ்டைல். ஆனா ஊர் திரும்பியவர் சினிமாவுக்கு வந்தார். 1930-களின் நடுவில் ஸ்டுடியோ தொடங்கினார்; 1937-ல் முதல் படம் 'சதி அகல்யா'.

அவர் தயாரித்ததோடு நிற்கவில்லை, இயக்கவும் செய்தார். அந்த லிஸ்டைப் பாருங்க. 1940-ல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் 'உத்தம புத்திரன்'. 1950-ல் நம்பியார் பல வேடங்களில் வந்த 'திகம்பர சாமியார்'. அதே வருஷம், அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனோடு சேர்ந்து 'மந்திரி குமாரி'. 1953-ல் சிவாஜியைக் கெட்டவனாகக் காட்டிய 'திரும்பிப் பார்'. 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப்படம் 'கண்டம் பெச்ச கோட்டு'. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) கூட இவர் தயாரிப்புதான், இயக்கியவர் நொட்டானி.

ஒரே ஆளுக்கு எப்படி இத்தனை வகை சாத்தியம்? எனக்குத் தோணுறது இதுதான். ஒரு மில்லில் நூல் மாறும், டிசைன் மாறும், தறி மாறாது. சுந்தரமும் அப்படித்தான். படப்பிடிப்புத் தளம், லேப், எடிட்டிங் எல்லாத்தையும் ஒரே வளாகத்துக்குள் வைத்தார். நடிகர்களும் டெக்னீஷியன்களும் மாதச் சம்பளத்துக்கு இருந்தாங்க. நேரத்துக்கு வரணும், கண்டிப்பு அதிகம். சிஸ்டம் உறுதியா இருந்ததால கதை, மொழி, கலர் என்று எதையும் புதுசா முயற்சி பண்ண முடிந்தது.

பிளேஸ்மென்ட் சீசன் இது. 'நாலு வருஷம் படிச்சது ஒன்னு, கிடைச்ச வேலை வேற, எல்லாம் வேஸ்ட்டா?' இந்தக் கேள்வி ஹாஸ்டலில் தினமும் கேட்குது. என்னையும் சேர்த்துதான் சொல்றேன். 1963-ல் மறைந்த சுந்தரம் துணி மில் நடத்திப் பெயர் வாங்கவில்லை. ஆனா ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து, ஒழுங்கா, நேரத்துக்கு முடிக்கிற பழக்கம்தான் அவர் ஸ்டுடியோவை ஓட்டியது. நாம இங்க கத்துக்கிறதும் அதைத்தானே? துறை மாறினாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

அடுத்த முறை ஏற்காடு போனா, அந்த வளைவு முன்னாடி செல்ஃபி எடுக்கிறதுக்கு முன்ன ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. அதுக்குள்ள போனவர் நம்ம மாதிரி டெக்னிக்கல் படிச்சவர்தான்.