பக்கெட்டைக் கழுவாதவர் ரோஜா வளர்க்க வேண்டாம்

ஓசூர் பக்கம் பாலிஹவுஸ் போட வருகிறவர்கள் ஷீட் விலை கேட்பார்கள், சொட்டுநீர் பற்றிக் கேட்பார்கள், எந்த ரகம் வைக்கலாம் என்று நாள் முழுக்கப் பேசுவார்கள். பூவை வெட்டி எதில் வைப்பது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆறேழு வாரம் உரமும் மருந்தும் கொடுத்து வளர்த்த தண்டு, வெட்டிய அரைமணி நேரத்திலேயே பாழாகிவிடும். அது அப்போது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வம்பு. ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது பூ ஜோராகவே இருக்கும். மூன்றாம் நாள் சென்னையிலிருந்து போன் வரும்: “அண்ணே, பூவெல்லாம் கழுத்தைத் தொங்கப் போட்டுடுச்சு.”

கழுத்து தொங்கினால் நான் இரண்டு விஷயங்களைத்தான் முதலில் பார்ப்பேன். ஒன்று, மொட்டை இளசாக வெட்டியிருப்பார்கள். கழுத்துப் பகுதி முற்றாததால் பூவின் கனத்தைத் தாங்காது. இரண்டு, தண்டு தண்ணீரை இழுக்கவில்லை.

முதலாவது கைப்பழக்கத்தில் வருவது. தாஜ்மஹால் மாதிரி சிவப்பு ரோஜாவில், மொட்டைத் தாங்கும் பச்சை இதழ்கள் பிரிந்து கீழே சாய்ந்திருக்க வேண்டும். வெளி இதழ் ஒன்றோ இரண்டோ விளிம்பு விட்டிருக்க வேண்டும். மஞ்சள் ரகங்கள் சீக்கிரம் விரியும், அதனால் இன்னும் இறுக்கமாக வெட்டலாம். வெள்ளை சற்றுப் பொறுக்கலாம். ஏற்றுமதிக்கு இறுக்கமான மொட்டு, உள்ளூர்க் கல்யாண மேடைக்குக் கொஞ்சம் விரிந்த பூ. எங்கள் ஷெட்டில் வெட்டுகிற அக்காமார் தெலுங்கில் கதை பேசிக்கொண்டே, மொட்டை விரல் நுனியில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள். புதிதாக வந்த பையனுக்கு அந்தக் கணக்குப் பிடிபட ஒரு சீசன் ஆகும்.

எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் ஆசை குறுக்கே வரும். 40, 50, 60 சென்டிமீட்டர் என்று தண்டு நீளத்தை வைத்துத்தான் கிரேடு. நீளம் கூடினால் விலை கூடும். அதற்காக அடியோடு போய் வெட்டினால் அடுத்த பூவுக்கான தளிர் எங்கிருந்து வரும்? ஐந்து சிற்றிலை உள்ள இலைகள் இரண்டையாவது செடியில் விட்டு, அதற்கு மேலே வெட்டுங்கள். அதிகாலை வெட்டு நல்லது. சாயங்கால வெட்டில் தண்டில் மாவுச்சத்து கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கிரேடிங் முடித்து, குளிர வைத்து, இரவுப் பஸ்ஸில் ஏற்ற வேண்டியவனுக்குக் காலையை விட்டால் வழியில்லை.

இரண்டாவதற்கு வருகிறேன். வெட்டிய கணத்தில் தண்டு காற்றை உறிஞ்சுகிறது. குழாய்க்குள் போன காற்றுக்குமிழ் தண்ணீரை மறிக்கும். ஆகவே பக்கெட் பாத்தி ஓரத்திலேயே இருக்க வேண்டும். கை நிறையச் சேர்த்த பிறகு ஷெட்டுக்குத் தூக்கிப்போகும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்த தண்டுகளை, தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி அடியில் இரண்டு சென்டிமீட்டர் நறுக்கினால் பெரும்பாலும் மீளும்.

காற்றை விடப் பெரிய எதிரி பாக்டீரியா. காலியான பக்கெட்டின் உள்சுவரில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அது பாக்டீரியாப் படலம். அதே கிருமிகள்தான் தண்டின் அடிவாயில் போய் அடைத்துக்கொள்ளும். பக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் சாகும். வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தேய்த்துக் கழுவி, ஹைப்போகுளோரைட் கரைசலில் அலசி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். 5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி போட்டால் 50 பிபிஎம் வரும். பூ நிற்கும் தண்ணீருக்கு அது போதும், பக்கெட் கழுவ இன்னும் கெட்டியாகவே இருக்கட்டும்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பும் காரமும். அந்தத் தண்ணீர் ரோஜாத் தண்டில் மெதுவாகத்தான் ஏறும். சிட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 3.5-க்குக் கொண்டுவந்தால் சட்டென்று ஏறும். பிஎச் தாள் ஒரு கட்டு ஷெட்டில் எப்போதும் கிடக்கட்டும். குளோரினையும் அமிலத்தையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிவிடாதீர்கள், கிளம்பும் வாயு மூக்கையும் கண்ணையும் எரிக்கும். ஒருநாள் இது, ஒருநாள் அது என்றில்லாமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மூழ்கும் பகுதியில் இலை இருக்கக் கூடாது. முள்ளை எடுக்கிறேன் என்று தோலைச் சீவுவதும் வேண்டாம். அந்தக் காயத்தில்தான் அழுகல் தொடங்கும்.

ஜெர்பெரா வைத்திருப்பவர்களுக்கு இந்த மாவட்டத்தில் இன்னொரு தலைவலி உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். மனிதப் பல்லைக் கெடுக்கிற அந்தத் தண்ணீர் ஜெர்பெராவையும் கிளாடியோலஸையும் விடாது, இதழ் ஓரம் கருகும். இவற்றுக்கு மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ பிடித்து வைப்பது செலவில்லை, பிழைப்பு. ஜெர்பெராவுக்குக் கத்தரியே ஆகாது. பூவின் நடுத்தட்டில் வெளி வரிசைச் சிறுபூக்கள் இரண்டு சுற்று விரிந்ததும், தண்டை அடியில் பிடித்து லேசாக ஆட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் கழன்று வரும். வெட்டினால் மிச்சமாகும் குச்சி அழுகி வேர்ப்பகுதிக்கு நோய் இறங்கும். பிடுங்கிய பிறகு, தண்டின் அடியில் இருக்கும் கட்டையான பகுதியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நறுக்கிவிட வேண்டும். அதன் வழியே தண்ணீர் ஏறாது. தண்ணீரும் அடியில் கொஞ்சமாக இருந்தால் போதும், மெல்லிய ரோமமுள்ள அந்தத் தண்டு ஆழத்தில் நின்றால் கொழகொழத்துவிடும்.

கோல்டு ரூம் 2 முதல் 4 டிகிரி. ரோஜா சூடு ஆறிய பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும். ஈரத்தோடு சுற்றிக் கட்டினால் இதழில் சாம்பல் பூசணம் புள்ளி போடும், பிரித்துப் பார்க்கும் வியாபாரி மொத்தப் பெட்டியையும் ஒதுக்கிவிடுவார். ஆனால் குளிர் எல்லாப் பூவுக்கும் மருந்தாகாது. ஏற்காட்டுப் பக்கமிருந்து வரும் அந்தூரியத்தை ரோஜாவோடு உள்ளே வைத்தால் கருத்துப்போகும். அதற்கு 13 டிகிரிக்குக் கீழே கூடாது. கிளாடியோலஸைப் படுக்க வைத்தால் நுனி மேல் நோக்கி வளைந்துகொள்ளும், நிற்க வைத்தே அனுப்புங்கள்.

நீலகிரி கார்னேஷனுக்குப் பயம் எத்திலீன் வாயு. பழுக்கும் பழம், வண்டிப் புகை இரண்டிலும் அது வரும். இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு பூ தூங்கிவிடும். பிறகு எழுப்ப முடியாது. கோயம்பேட்டில் பழமும் பூவும் ஒரே வளாகம், நாம் என்ன செய்ய? வெட்டியதும் சில்வர் தயோசல்பேட் கரைசலில் நிறுத்தி எடுத்த பூ ஓரளவு தாங்கும். பஸ்ஸில் போடும்போது வாழைத்தார் பக்கத்திலோ இன்ஜின் சூட்டிலோ பெட்டி போகாமல் கண்டக்டரிடம் நயந்து சொல்லிவைப்பது நம் வேலை.

காதலர் தினத்துக்கு ஓசூர்க்காரர்கள் டிசம்பர் நடுவிலேயே செடியைக் கவாத்து செய்துவிடுவோம். பனி குறைந்து வெயில் ஏறினால் பூ முந்திக்கொள்ளும். ஜனவரி கடைசியில் கோல்டு ரூம் பிதுங்கும். அந்த நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது பக்கெட் கழுவும் வேலைதான். அந்த மாதத்துக்கு மட்டும் அதற்கென்று தனியாக ஓர் ஆளை வைக்கிறேன். வீண் செலவு என்று வீட்டில் சண்டை வந்ததுண்டு, ஆளை நிறுத்தவில்லை.

பூ வாங்கி மேடை கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பச்சை ஃபோமைத் தண்ணீரில் கையால் அமுக்காதீர்கள். மேலே போட்டால் தானாக ஊறி இறங்கும். அமுக்கினால் நடுவில் உலர்ந்த பொட்டு நிற்கும், தண்டு அதில்தான் போய்க் குத்தும். ஒருமுறை குத்திய தண்டைப் பாதி வெளியே இழுத்து உயரம் சரிசெய்தால் அடியில் காற்றுதான் மிஞ்சும். முழுதாக எடுத்து, நுனியை மறுபடி சாய்வாக நறுக்கி, வேறு இடத்தில் குத்துங்கள்.