குறைந்த செலவில் கறிக்குழம்பு – எல்லோருக்கும் ஒரே அளவு



சில மாதங்களுக்கு முன்பு ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு உறுப்பினர் தலை சுற்றி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். மறுநாள் ஊக்குநரும் நானும் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.2 தான் இருந்தது. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது.

"சத்தா சாப்பிடுறீங்களாம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"நாங்க கறி திங்கிற வீடுதாங்க. ஞாயித்துக்கிழமை தவறாம எடுத்துருவோம்" என்றார் உறுப்பினர்.

"சரி, போன ஞாயித்துக்கிழமை உங்க தட்டுல எத்தனை துண்டு விழுந்துச்சு?"

அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "குழம்பு இருந்துச்சு மேடம்" என்றார்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குக் கறி வருகிறது. ஆனால் அதைக் கழுவி, வேகவைத்து, பரிமாறுகிற பெண்ணின் தட்டுக்கு வரவில்லை. இதற்கு இரண்டு காரணம். ஒன்று, விலை அதிகமான கறியைக் கொஞ்சமாக வாங்குகிறோம். இன்னொன்று, இருக்கிறதைப் பங்கு போடுகிற முறை. இந்த மாதப் பாடம் இந்த இரண்டைப் பற்றியதுதான்.

1. நமக்கு ஏன் இது முக்கியம்?

2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100 பேருக்கு 53 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். 20 பேர் உள்ள நம் குழுவில் கணக்குப் பார்த்தால் பத்துப் பேருக்கு மேல்! மூச்சு வாங்குவது, படி ஏறினால் நெஞ்சு படபடப்பது, எந்நேரமும் அசதி. இதையெல்லாம் "வேலைக் களைப்பு" என்று தள்ளிவிடுகிறோம்.

மாதவிடாயில் ரத்தம் போவதால் ஆண்களைவிட நமக்கு இரும்புச்சத்து அதிகம் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் வெளியிட்ட அளவுப்படி, ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லி கிராம், பெண்ணுக்கு 29 மில்லி கிராம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் கறித்துண்டு போவது நேர் எதிராக.

முருங்கைக்கீரையிலும் கேழ்வரகிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் அதில் கொஞ்சத்தைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். கறியில் உள்ள இரும்புச்சத்து சீக்கிரம் உடம்பில் சேரும். அது மட்டும் இல்லை. கீரையோடு இரண்டு துண்டு கறி சேர்த்துச் சாப்பிட்டால் கீரையில் உள்ள இரும்புச்சத்தும் கூடுதலாக உடம்பில் ஏறும். ஆகவே கறி நிறைய வேண்டும் என்பதில்லை. கொஞ்சமாவது எல்லோருக்கும் வேண்டும்.

2. விலை குறைந்த கறி எது?

கடைக்குப் போனதும் "தொடைக்கறி போடுங்க, எலும்பில்லாம போடுங்க" என்று கேட்கிறோம். அதுதான் விலை அதிகம். அதே கடையில் விலை குறைவாகக் கிடைப்பவை இவை:

• ஆட்டுக் குடல், தலைக்கறி, ரத்தம்
• ஆட்டின் கழுத்து, நெஞ்செலும்பு, வெறும் எலும்பு
• கோழி ஈரல், ஈரலோடு சேர்த்துத் தரும் கெட்டியான இரைப்பை, கழுத்து, கால்
• முட்டையிட்டு ஓய்ந்த முட்டைக்கோழி (நாமக்கல் போன்ற கோழிப் பண்ணைப் பகுதிகளில் அதிகம் கிடைக்கும்)
• மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகளில் அதுவும் ஆட்டுக்கறியைவிட மிகக் குறைந்த விலைதான்

விலை குறைவு என்பதால் சத்துக் குறைவு என்று நினைக்க வேண்டாம். 100 கிராம் கோழி ஈரலில் சுமார் 9 மில்லி கிராம் இரும்புச்சத்து உண்டு. எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியில் 1 மில்லி கிராம் கூட இருக்காது. ஆட்டுச் சுவரொட்டியில் (மண்ணீரல்) ஈரலைவிடவும் அதிகம். "சுவரொட்டி சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்று நம் பாட்டிகள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும்.

எலும்பு சூப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாய்க்கு ருசி, காய்ச்சலுக்கு இதம். ஆனால் வெறும் எலும்பு வெந்த தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து அதிகம் இறங்குவதில்லை. எலும்பு வாங்கினால் கொஞ்சம் கறி ஒட்டியதாகக் கேட்டு வாங்குங்கள். பருப்போடு சேர்த்துச் சமையுங்கள்.

3. கணக்குப் போட்டு வாங்குவோம்

கடைப் பலகையில் கோழிக்கு இரண்டு மூன்று விலை எழுதியிருப்பார்கள். பாடத்துக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். உயிர்க்கோழி கிலோ ரூ.140, உரித்த கறி கிலோ ரூ.220, எலும்பில்லாதது கிலோ ரூ.320.

2 கிலோ உயிர்க்கோழி ரூ.280. தோல் உரித்து, குடல் நீக்கினால் சுமார் 1 கிலோ 300 கிராம் கறிதான் கிடைக்கும். 280ஐ 1.3ஆல் வகுத்தால் கிலோ ரூ.215 ஆகிறது. ஆக, ரூ.140 என்று பார்த்து "சீப்பா இருக்கே" என்று வாங்கினாலும், உண்மையில் உரித்த கறி விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஈரல், இரைப்பை, கால் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினால்தான் உயிர் எடைக்கு வாங்கியதில் லாபம். "அண்ணே, எல்லாம் சேர்த்துப் போட்டுருங்க" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

உங்கள் ஊர் விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிராமத்தில் ஆடு வாங்கி அறுத்துக் கூறு போடுவார்கள் அல்லவா? ஒவ்வொரு கூறிலும் கறி, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பண்டிகைக்கு மட்டும் என்றில்லாமல் குழுவில் எட்டுப் பத்துக் குடும்பம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செய்யலாம். பணத்தை முன்கூட்டியே வசூலித்து விடுங்கள். கடன் சொல்லி வாங்கினால் கூறு கறியிலும் சண்டை வரும்.

எச்சரிக்கை: நோய் வந்த ஆடு, செத்த ஆடு "பாதி விலைக்குத் தர்றோம்" என்று வந்தால் தொடவே வேண்டாம். அடைப்பான் நோயில் செத்த ஆட்டை அறுப்பவருக்கும், அந்தக் கறியைக் கையாள்பவருக்கும், சாப்பிடுபவருக்கும் நோய் தொற்றும். உயிரே போகலாம். அதன் கிருமி கொதிக்க வைத்தாலும் எளிதில் சாகாது. திடீரென்று ஆடு செத்தால் அறுக்காமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

4. சமைக்கும் முறை

குறைந்த விலைக் கறியில் நார் அதிகம். அதை அவசரமாக வறுத்தால் ரப்பர் மாதிரி இருக்கும். தண்ணீர் விட்டு நிதானமாக வேகவைத்தால் அந்த நாரே இளகிக் குழம்புக்குக் கொழகொழப்பும் ருசியும் தரும். குக்கர் இருந்தால் விறகும் கேஸும் மிச்சம். ஈரல் மட்டும் இதற்கு நேர்மாறு. அதிகம் வெந்தால் கெட்டியாகிவிடும்.

கீழே உள்ளவை 5 பேருக்கான ராத்திரிச் சாப்பாட்டு அளவு.

குடல் – கடலைப்பருப்புக் குழம்பு: அரைக் கிலோ குடலைச் சுடுதண்ணீரில் போட்டெடுத்து, உள்பக்கம் திருப்பி, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். சிறு துண்டாக நறுக்கி, மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது சேர்த்து 6 முதல் 8 விசில் விடுங்கள். 100 கிராம் கடலைப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, குழையாமல் தனியே வேகவையுங்கள். சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, மல்லித்தூள், மிளகாய்த்தூள் போட்டு, குடலையும் பருப்பையும் சேர்த்து, தேங்காய், சோம்பு, மிளகு அரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பருப்பு சேர்வதால் அரைக் கிலோ குடல் ஐந்து பேருக்குத் தாராளமாக வரும்.

எலும்பு தால்ச்சா: இது இஸ்லாமியச் சகோதரிகள் வீட்டு விசேஷங்களில் செய்வது. கறி ஒட்டிய எலும்பு அரைக் கிலோவை முதலில் 5 விசில் விட்டு வேகவையுங்கள். பிறகு துவரம்பருப்பு 150 கிராம் சேர்த்து மறுபடி 3 விசில். கத்திரிக்காய், வாழைக்காய், கிடைத்தால் மாங்காய்த் துண்டு, வெங்காயம், தக்காளி, மசாலா சேர்த்துக் காய் வேகும்வரை கொதிக்க விட்டுக் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றுங்கள். சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கோழி ஈரல் மிளகுப் பிரட்டல்: ஈரலும் இரைப்பையும் சேர்ந்து 400 கிராம். இரைப்பையின் உள்ளே இருக்கும் மஞ்சள் தோலை உரித்துவிட்டு, முதலில் அதை மட்டும் 4 விசில் வேகவையுங்கள். வெங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு வதக்கி, ஈரலையும் வெந்த இரைப்பையையும் போட்டு, உள்ளே சிவப்பு மாறும்வரை எட்டுப் பத்து நிமிடம் பிரட்டி, மிளகும் சீரகமும் பொடித்துத் தூவி இறக்குங்கள். எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல் இருந்தால் இன்னும் நல்லது.

முட்டைக்கோழிக் குழம்பு: இந்தக் கறி கெட்டி. சாதாரணக் கோழி மாதிரி பத்து நிமிடத்தில் வேகாது. மசாலாவும் தயிரும் புரட்டி ஒரு மணி நேரம் ஊறவைத்து 7, 8 விசில் விடுங்கள். அரைக் கிலோவுக்கு இரண்டு முருங்கைக்காய், மூன்று உருளைக்கிழங்கு சேர்த்தால் குழம்பு நிறைவாக இருக்கும்.

5. கவனிக்க வேண்டியவை

• கர்ப்பிணிகள் ஈரல் அதிகம் சாப்பிடக் கூடாது. அதில் உள்ள அளவு மீறிய வைட்டமின் ஏ வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. அவர்களுக்குச் சாதாரணக் கறி, முட்டை, பருப்பு கொடுங்கள்.
• மூட்டுவாதம் (யூரிக் அமிலம்), கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் ஈரல், குடல் சாப்பிடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.
• சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து சேராது. ஒரு மணி நேரமாவது போகட்டும்.
• பச்சைக் கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காய் நறுக்குங்கள்.
• ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் கறிக்குழம்பை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். ஒரு வேளைக்கு மட்டும் வாங்குங்கள்.
• ரத்தசோகை இருந்தால் சாப்பாடு மட்டும் போதாது. பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் நாள்வரை சத்து மாத்திரை சாப்பிட வேண்டும்.

6. கரண்டி நம் கையில்தான்

இந்தப் பாடத்தை முதலில் அந்த உறுப்பினரின் குழுவிலேயே நடத்தினேன். வயதான ஒரு அம்மா, "ஆம்பளைங்க ஒழைக்கிறாங்க, பிள்ளைங்க வளருதுங்க. நமக்கென்ன கறி?" என்றார். உடனே இன்னொருவர், "ஏன் பெரியம்மா, நாம வெயில்ல களை எடுக்கல? தண்ணி தூக்கல? அதெல்லாம் ஒழைப்பு இல்லையா?" என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு அவர்களே ஒரு முடிவு எடுத்தார்கள். பரிமாறும் முன்பே கறித் துண்டை எண்ணி, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்காகப் பிரிப்பது. சமைத்தவளுக்கும் ஒரு பங்கு. முடிந்தவரை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது.

தலை சுற்றி விழுந்த உறுப்பினர் மூன்று மாதம் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டார். வாரம் ஒரு நாள் குடலோ ஈரலோ வாங்கினார். மறுபரிசோதனையில் 10.4 வந்தது. இன்னும் 12 ஆகவில்லை, மாத்திரை தொடர்கிறது. "வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன். "சொல்லல மேடம். 'உனக்கு வெச்சுக்கிட்டியா?'ன்னு அவரே இப்ப கேக்குறாரு. இத்தனை வருசமா நான் சாப்பிடாதது அவருக்குத் தெரியவே தெரியாதாம்" என்றார்.

நாம் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, சகோதரிகளே.

குழுவில் கலந்து பேச:

1. கடைசியாகக் கறி சமைத்த நாளில் உங்கள் தட்டில் எத்தனை துண்டு இருந்தது? ஒவ்வொருவரும் சொல்லுங்கள்.
2. உங்கள் ஊரில் ஆட்டுக்கறி, குடல், கோழி ஈரல், முட்டைக்கோழி விலை என்ன? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எது எவ்வளவு ஆகும்?
3. கூறு கறி வாங்க எத்தனை குடும்பம் தயார்? பணம் வசூலிப்பது யார்? ஆட்டைப் பார்த்து வாங்குவது யார்?
4. குழுவில் எத்தனை பேர் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறீர்கள்? செய்யாதவர்கள் எந்த நாளில் சேர்ந்து போகலாம்?

முடிவுகளைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் எடுத்து வாருங்கள். உங்கள் வீட்டுச் சிக்கனக் கறிக்குழம்பு ஏதாவது இருந்தால் அளவோடு எழுதி அனுப்புங்கள். மற்ற சகோதரிகளும் செய்து பார்க்கட்டும்.