கைகளின் உதவியின்றிக் கணிப்பொறியை இயக்குதல்

நமது சங்கங்கள் பலவற்றில் நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடா, கடன் பாக்கி ஆகிய கணக்குகள் இன்று கணிப்பொறியிலேயே எழுதப்படுகின்றன. கணக்கை நன்கறிந்த குமாஸ்தா ஒருவர் கைமுறிவினாலோ, நெடுநாள் மணிக்கட்டு வலியினாலோ விசைப்பலகையைத் தொட இயலாமற் போனால், அவருடைய அனுபவத்தைச் சங்கம் இழக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வாய்ச்சொல்லினாலேயே அவர் கணிப்பொறியை நடத்தலாம்.

விண்டோஸ் 11 அமைந்த பொறிகளில், 2022-ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு முதல், ‘வாய்ஸ் ஆக்சஸ்’ என்னும் வசதி உடன் வருகிறது. தனி விலை இல்லை. நல்ல மைக் ஒன்று போதும். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆக்சஸிபிலிட்டி’, அதனுள் ‘ஸ்பீச்’ என்பதைத் திறந்து இதனை இயக்கலாம். மொழிக் கோப்பை இறக்க முதன்முறை மட்டும் இணையம் தேவை. ஆப்பிள் மாக் பொறிகளில் ‘வாய்ஸ் கன்ட்ரோல்’ என்னும் இத்தகைய வசதி 2019 முதல் உண்டு.

விண்டோஸில் கையாளும் முறை வருமாறு:

1. ‘வாய்ஸ் ஆக்சஸ் வேக் அப்’ என்றால் பொறி கட்டளைகளைக் கேட்கத் தொடங்கும். ‘வாய்ஸ் ஆக்சஸ் ஸ்லீப்’ என்றால் நிறுத்திக்கொள்ளும்.

2. ‘ஓப்பன் எக்செல்’ என்றால் கணக்குத் தாள் மென்பொருள் திறக்கும்.

3. ‘ஷோ நம்பர்ஸ்’ என்றால் திரையிலுள்ள பொத்தான்கள்மீது எண்கள் தோன்றும். ‘கிளிக் 5’ என்றால் ஐந்தாவது பொத்தான் அழுத்தப்படும்.

4. எண் விழாத இடத்தைத் தொட, ‘ஷோ கிரிட்’ எனல் வேண்டும். திரை 9 கட்டங்களாகும். வேண்டிய கட்டத்தின் எண்ணைக் கூறினால் அது மீண்டும் 9 ஆகப் பிரியும். இவ்வாறு குறுக்கிச் சென்று உரிய இடத்தை அடையலாம்.

5. பிழை நேர்ந்தால் ‘அண்டூ தட்’ எனக் கூறி மாற்றலாம்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். மேற்கண்ட கட்டளைகளை ஆங்கிலத்திற் கூற வேண்டும். மொழிப் பட்டியலில் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்துகொள்வது நலம். தறிச் சத்தம் கேட்கும் அறையில் இது சரிவர நடவாது. ‘ஃபிஃப்டீன்’ என்பதைப் பொறி ‘ஃபிஃப்டி’ எனக் கொள்ளக்கூடும். அங்கத்தினர் ஒருவரின் கூலி அதனால் மாறிவிடும். ஆகையால் ஒவ்வொரு தொகையையும் திரையிற் படித்துப் பார்த்த பின்னரே பதிவு செய்ய வேண்டும். கடவுச்சொல்லைப் பிறர் கேட்கக் கூறலாகாது.

பேச்சும் தடைப்பட்டவர்க்கு வழி இல்லாமலில்லை. மாக் பொறியில், தலையசைவைக் காமிராவினால் அறிந்து அம்புக்குறியை நகர்த்தும் வசதி உள்ளது.

முதல் அமைப்பை மட்டும் சக ஊழியர் ஒருவர் செய்து கொடுத்தல் வேண்டும். பொறியைத் திறக்கும்போதே இவ்வசதி தானே தொடங்குமாறும் அப்போதே அமைத்துவிடலாம். ஒருவருக்கு இடர் நேரும்வரை காத்திராமல், சங்க அலுவலகத்தில் இன்றே பழகிப் பார்ப்போமாக.