முதல் மெஷினுக்கு யார் ஜாமீன்?

கோவை, திருப்பூர் பக்கம் பெரிய பங்களா ஒன்றைக் காட்டி விசாரியுங்கள். "சாதாரண ஆளா இருந்து வந்தவருங்க, எல்லாம் உழைப்புதானுங்க" என்பார்கள். சொன்னது பொய்யில்லை, பாதிக் கதை மட்டும் விடுபட்டுப்போகிறது.

நம்பிக்கை 1: பனியன் கம்பெனியில் உழைத்தால் யாரும் முதலாளி ஆகலாம்.

உண்மை: 1990-களில் திருப்பூரில் கள ஆய்வு செய்த ஷரத் சாரி, 'ஃப்ரேட்டர்னல் கேப்பிட்டல்' (2004) என்ற நூலில் இந்தக் கதையைத்தான் ஆராய்ந்தார். தொழிலாளியாக நுழைந்து முதலாளியான கவுண்டர்கள் ஏராளம். ராப்பகலாக மெஷினோடு கிடந்ததும் நிஜம். ஆனால் அவர்களில் பலருக்கு ஊரில் தோட்டம் இருந்தது. பங்கு சேர மாமன் மச்சான் இருந்தார்கள். நம்பிக் கடன் கொடுக்கச் சொந்த சாதிக்காரர்கள் இருந்தார்கள். அதே தோட்டங்களில் பண்ணையாளாக வெயிலில் வெந்த அருந்ததியர் குடும்பங்களுக்கு உழைப்பில் என்ன குறை? நிலமும் ஜாமீனும்தான் இல்லை. செக்கிங், பேக்கிங் வேலையில் நின்ற பெண்களுக்கும் முதலாளி நாற்காலி எட்டாமலே போனது.

நம்பிக்கை 2: ஏற்றத்தாழ்வைக் கண்டாலே மக்கள் கொதிப்பார்கள்.

உண்மை: எவ்வளவு வித்தியாசம் என்பதைவிட, ஏன் வித்தியாசம் என்பதே மனதைச் சுடுகிறது. பிரேசா, கவுர், ஷம்தாசானி என்ற பொருளியலாளர்கள் மூவரும் ஒடிசாவில் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. கூட வேலை செய்கிறவர்களைவிடக் குறைந்த கூலி பெற்றவர்களின் உற்பத்தி சரிந்தது. வேலைக்கு வருவதும் குறைந்தது. யார் எவ்வளவு செய்தார் என்பது கண்ணுக்குத் தெரிந்த இடத்திலோ அந்தச் சரிவு இல்லை. பீஸ் ரேட்டில் தைக்கும் டைலர், பக்கத்து மெஷின்காரர் கூடுதலாகச் சம்பாதிப்பதைப் பொறுத்துக்கொள்வதும் இப்படித்தான். ரேட்டை நிர்ணயிப்பது யார் என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

நம்பிக்கை 3: சத்தம் போடாதவர்கள் சம்மதித்தவர்கள்.

உண்மை: 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. பொறுமை இப்படி உடைவது ஏன் என்று பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973-லேயே விளக்கியிருந்தார்: அடுத்தவர் முன்னேறினால் 'நாளைக்கு நமக்கும் வரும்' என்று சனம் காத்திருக்கும், தன் முறை வரப்போவதில்லை என்று தெரிந்ததும் அந்தப் பொறுமை கோபமாகும். அமைதிக்குள் சம்மதமும் இருக்கலாம், வெறும் எதிர்பார்ப்பும் இருக்கலாம்.

ஆகவே, வெற்றிக் கதை கேட்கும்போது எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று வியப்பதோடு நிற்க வேண்டாம். முதல் மெஷின் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது, யார் ஜாமீன் நின்றார்கள் என்றும் கேளுங்கள். அதே அளவு உழைத்தும் மேலே வராதவர்களின் கதை அந்தப் பதிலில்தான் தொடங்குகிறது.